பதினேழாவது கேள்வி

இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். எட்டு நாளாகக் காலையில் பல் தேய்க்கும்போதே இதைத்தான் சொல்லிக்கொள்கிறேன், எட்டு நாளும் வாயைத் திறக்காமல் பேப்பர் திருத்திவிட்டுப் போய் ஹாஸ்டலில் படுத்துக்கொள்கிறேன், வெட்கமாக இல்லையா செண்பகவல்லி உனக்கு, ஐம்பத்திரண்டு வயசு, இருபத்தைந்து வருஷமாக இங்கிலீஷ் பாடம் நடத்துகிறவள், பிரின்ஸிபாலையே நேருக்கு நேர் கேள்வி கேட்கிறவள், ஒரு மனுஷனிடம் போய் மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நாக்கு எழவில்லை. இன்றோடு கேம்ப் முடிகிறது. மதுரையில் இந்தக் காலேஜின் பெரிய ஹாலில் வரிசையாக மேஜை, மேஜைக்கு ஐந்து பேர், தலைப்பக்கம் ஒரு சீஃப். நாங்கள் போட்ட மார்க்கில் நாலைந்தை உருவி எடுத்து அவர் மறுபடி பார்ப்பார். ஒரு மணிக்குப் பேப்பர் கட்டைக் கட்டிக் கொடுத்துக் கையெழுத்துப் போட்டால் அவர் தேனி பஸ், நான் கோவில்பட்டி பஸ், அதற்கப்புறம் எந்த ஜன்மத்தில் பார்ப்பது. எங்கள் மேஜைக்குச் சீஃப் ஆவுடையப்பன் சார். இருபத்தேழு வருஷத்துக்கு முன்னால் இதே ஆவுடையப்பன் கோவில்பட்டியில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார். நான் வேண்டாம் என்றேன். அவ்வளவுதான். இல்லை, அவ்வளவு இல்லை, என்ன காரணத்துக்காக வேண்டாம் என்றேன் என்பதுதான் இத்தனை வருஷமாகத் தொண்டையில் நிற்கிறது. அதைத்தான் அவரிடம் சொல்ல வேண்டும், சொல்லி, மன்னித்தேன் என்று அவர் வாயால் ஒரு வார்த்தை கேட்டுவிட வேண்டும். மணி பத்தரை. கையில் இருப்பது நாலாவது பேப்பர்.

பதினேழாவது கேள்விக்கு என்னத்தைக் கிறுக்கியிருக்கிறான் பார்ப்போம். பத்து மார்க் கேள்வி. முதல் பார்வையை நம்பி ஒருவரை எடை போடுவதால் வரும் விளைவுகளை நாவலை ஆதாரமாகக் கொண்டு விவரி. இருநூறு வருஷத்துக்கு முந்தின இங்கிலீஷ் நாவல், ஒரு வாயாடிப் பெண், ஒரு பணக்கார முசுடு, நடன விருந்தில் பார்த்ததுமே ஒருத்தரை ஒருத்தர் பிடிக்காமல் போய்விடுகிறது, கடைசியில் இரண்டு பேருக்குமே தான் நினைத்தது தப்பென்று தெரிந்து கல்யாணம். இதை எத்தனை தடவை நடத்தியிருப்பேன், கண்ணை மூடிக்கொண்டு நடத்துவேன். எட்டு நாளில் முந்நூறு பேர் இதற்கு எழுதின பதிலைப் படித்துவிட்டேன், முந்நூறும் ஒரே கைடுப் புத்தகம், கமா கூட மாறாது. எவனாவது ஒருத்தன் சொந்தமாக எழுதினால்தான் தூக்கம் கலைகிறது. நேற்று ஒருத்தன் எழுதியிருந்தான், கதாநாயகன் அப்பா அம்மாவோடு பெண் பார்க்க வந்தான், கேசரி சாப்பிட்டான், பெண்ணைப் பாடச் சொன்னான் என்று. சிரித்துச் சிரித்துப் பக்கத்து நாற்காலி பியூலாவிடம் காட்டினேன், பியூலா பாளையங்கோட்டைக்காரி, என்னைவிடப் பத்து வயசு சின்னவள், அவள் சொன்னாள், "சரியாத்தான எழுதியிருக்கான் அக்கா, அவங்க ஊருல டான்ஸு, நம்ம ஊருல கேசரி, ரெண்டும் ஒண்ணுதான்." அவனுக்கு ஆறு போட்டேன். இன்றைக்கு முதல் பேப்பரில் ஒரு பெண், கையெழுத்தைப் பார்த்தால் பெண்தான், நாவலில் இத்தனை விருந்து நடக்கிறதே, அத்தனை தட்டையும் கழுவினது யார், அவர்கள் யாரையும் ஏன் ஆசிரியர் காட்டவே இல்லை என்று ஒரு பக்கம் கேட்டிருந்தாள். கேட்ட கேள்விக்கு இது பதில் இல்லையே அம்மா. ரெண்டு மார்க் போட்டுவிட்டுத் தள்ளிவைத்தேன். ஃபேன் காற்றில் பேப்பர் பறக்காமல் இருக்க ஆளுக்கொரு ஜல்லிக்கல் கொடுத்திருக்கிறார்கள், என் கல்லில் யாரோ இனிஷியல் எழுதியிருக்கிறார்கள், தேய்த்தால் போகவில்லை.

செருப்பு. எப்போது நினைத்தாலும் முதலில் வருவது அந்தச் செருப்புதான். சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பெல்லாம் தெரியும், ஆளைப் பார்ப்பதற்கு முந்தி நான் செருப்பைத்தான் பார்த்தேன், நாலைந்து ஜோடியில் ஒரு ஜோடி நீல வார் போட்ட ரப்பர் செருப்பு, ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தது. கூட வந்த சித்தப்பா யாரோடதாவது இருக்கும் என்று நினைத்தேன். காப்பித் தட்டோடு கூடத்துக்குள் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டுதான் வந்தேன், அப்படித்தானே வரச் சொல்வார்கள், குனிந்த தலைக்குத் தெரிந்ததெல்லாம் கால்கள், பாயில் மடக்கி உட்கார்ந்த கால்கள், அவற்றில் ஒரு ஜோடி குதிகால் வெடித்து வெடிப்புக்குள் கரிசல் மண் அப்பியிருந்தது. அதுதான் மாப்பிள்ளை என்று அப்பா சொன்னார். நான் படித்தது கன்னியாஸ்திரிகள் நடத்தின காலேஜ், அங்கே பாத்ரூம் போக வேண்டுமென்றாலும் இங்கிலீஷில்தான் கேட்க வேண்டும், எம்.ஏ.யில் கோல்டு மெடல், அப்பா தாலுகா ஆபீஸில் ஹெட் கிளார்க், வீட்டில் ஹிந்து பேப்பர், என்ன மிதப்பு, என்ன மிதப்பு. அவனோ கழுகுமலைப் பக்கம் ஏதோ கிராமம், அப்போதுதான் கவர்மென்ட் காலேஜில் வேலை கிடைத்திருந்தது. எங்கள் ஜாதிதான், ஜாதகம் பொருந்தியிருந்தது, அதற்கு மேல் அவன் வீட்டைப் பற்றி நான் எதையும் காதில் வாங்கவில்லை. பட்டுப் புடவையும் எட்டுக்கல் தோடுமாக அவன் அம்மா தட்டை நீட்டி எனக்குப் பூ வைத்துவிட்டாள், காலைத் தொட்டுக் கும்பிட்டேன், எழுந்து எல்லோருக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டேன். ஐந்து நிமிஷம் தனியாகப் பேசச் சொன்னார்கள். முற்றத்து ஓரம். நான் இங்கிலீஷில் கேட்டேன், உங்கள் ஆராய்ச்சி எதைப் பற்றி என்று. வேண்டுமென்றேதான் கேட்டேன், சோதித்துப் பார்க்கத்தான். அவன் தமிழில் சொன்னான், "இன்னும் முடிவு பண்ணலைங்க, வீட்டு நெலமை ஒரு வழிக்கு வரட்டும்னு இருக்கேன்." இங்கிலீஷ் லெக்சரர், இங்கிலீஷில் கேட்டால் தமிழில் பதில் சொல்கிறான். முடிந்தது. அன்றைக்குச் சாயங்காலமே அப்பாவிடம் சொன்னேன், ஊக்கு குத்தின செருப்போடு பெண் பார்க்க வருகிறவனை எங்கே பிடித்தீர்கள், எனக்கு வேண்டாம். அப்பா ஈஸிசேரில் இருந்தார். சரிம்மா, எழுதிப்போட்டுடறேன் என்றார்.

அதற்கப்புறம் வந்தவர்களை நான் என்ன குறையெல்லாம் சொன்னேன் என்று எண்ணிப் பார்த்தால் எனக்கே சிரிப்பு வரும், ஒருத்தன் ஏப்பம் விட்டான், ஒருத்தன் கைக்குட்டையைக் காலருக்குள் செருகியிருந்தான், ஒருத்தன் எல்லாம் சரி, பல் வரிசை. முப்பத்திரண்டு முப்பத்து மூன்றில் வரத்தே நின்றுபோனது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, நானாகத் தேடிக்கொண்டதுதான். நடுவில் ஒருநாள், முப்பத்தெட்டு வயசிருக்கும், ஒரு பத்திரிகையில் ஆவுடையப்பன் எழுதின கட்டுரை வந்திருந்தது, வேறு யாரோ அந்தப் பேரில் என்று நினைத்துப் படிக்க ஆரம்பித்தேன், கீழே காலேஜ் பேரைப் பார்த்ததும் திரும்ப முதல் வரியிலிருந்து படித்தேன். என்ன இங்கிலீஷ். ஒரு வார்த்தை கூடவோ குறையவோ இல்லை, எனக்கு அப்படி எழுத வராது, இந்த ஜன்மத்தில் வராது. அன்றைக்கு முற்றத்தில் நான் இங்கிலீஷில் கேட்டபோது அவனுக்குத் தெரியாமல் இல்லை, கல்யாணம் பேச வந்த இடத்தில் இவள் என்ன பரீட்சை வைக்கிறாள் என்று தமிழில் சொல்லியிருக்கிறான், அதுகூட விளங்கவில்லை எனக்கு, விளங்கப் பதின்மூன்று வருஷம் ஆகியிருக்கிறது. அன்றிலிருந்து இந்த நாவலை நடத்தும்போதெல்லாம் ஒரு இடத்தில் குரல் இறங்கிவிடும். காலேஜில் படித்த காலத்திலிருந்து நான்தான் அந்த வாயாடிப் பெண் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், கடைசியில் பார்த்தால் நான் அந்த முசுடு. அவனுக்காவது நாவலில் இரண்டாம் தடவை போய்க் கேட்க ஒரு வாய்ப்பு கிடைக்கிறது.

இரண்டாம் தடவை. இந்த நினைப்பு ஆகாது, ஆனால் வருகிறதே, என்ன செய்ய. கேம்ப் தொடங்கின அன்றைக்கே பியூலா சொல்லிவிட்டாள், "ஒங்களுக்குத் தெரியாதாக்கா, சாரு சம்சாரம் போயி நாலு வருசமாச்சு, கேன்சர், ஒரே பையன் பெங்களூர்ல இருக்கான்." சொல்லிவிட்டு அவள் சமோசாவைப் பிட்டுக்கொண்டு போய்விட்டாள், எனக்குத்தான் அன்று ராத்திரி தூக்கம் போனது. இன்றைக்கு ஏன் இந்தச் சுங்குடிப் புடவையைக் கட்டினாய், கடைசி நாள் என்றுதானே. கடைசி நாளுக்கு யார் புதுப்புடவை கட்டுவார்கள், கட்டுத் தூக்கித் தூக்கி மேலெல்லாம் தூசி. மன்னிப்புக் கேட்கத்தான் போகிறேன், வேறொன்றும் இல்லை, சத்தியமாக இல்லை, ஆனால் மன்னித்துவிட்டு அவர் ஒரு காப்பி சாப்பிடலாமா மேடம் என்று கேட்டால் மாட்டேன் என்று சொல்லப் போவதும் இல்லை. பார், எங்கே போகிறது மனசு. அவருக்கு என்னை அடையாளம் தெரிந்ததா என்பதே தெரியவில்லை. எல்லோரையும் போல மேடம் என்கிறார், என் பேப்பரை எடுத்துப் பார்த்துவிட்டு ரொம்ப கரெக்டா போடுறீங்க என்கிறார், மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிறார். காலில் இப்போது கருப்பு ஷூ. குனிந்து பேனா எடுக்கிற மாதிரி அதையும் பார்த்துவிட்டேன், புத்தி போகவில்லை இன்னும். பதினொன்றரைக்கு டீ வந்தது. எழுந்து போய்ச் சொல்லிவிடலாம் என்று நாற்காலியைத் தள்ளினேன், ராமநாதபுரத்துக்காரர் ஒருத்தர் அவர் பக்கத்தில் போய் பென்ஷன் ஆர்டர் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார், டீ ஆறினதுதான் மிச்சம். சாரி என்று இங்கிலீஷில் சொல்வதானால் சுலபம், பஸ்ஸில் காலை மிதித்தாலும் அதே வார்த்தை. மன்னிச்சிருங்க என்று தமிழில் சொல்லிப் பார்த்தால்தான் நெஞ்சில் இடிக்கிறது.

பன்னிரண்டே முக்கால். பியூலா முதல் ஆளாகக் கட்டைக் கட்டிக் கொடுத்துவிட்டு, பஸ் கிடைக்காதுக்கா என்று ஓடிவிட்டாள், மற்ற மூன்று பேரும் கையெழுத்துப் போட்டுப் போனார்கள், நான் வேண்டுமென்றே மார்க்கை மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். கட்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில் வைத்தேன். "சார், ஒங்களுக்கு என்னை ஞாபகம் இருக்கான்னு தெரியலை" என்று ஆரம்பித்தேன். அவர் பேனாவை மூடினார். "லிஸ்டுல பேரைப் பார்த்த அன்னைக்கே தெரியும் மேடம். கோவில்பட்டி, கு. செண்பகவல்லி. வேற யாரு இருக்கப் போறா. உக்காருங்க." உட்கார்ந்தேன். உட்கார்ந்ததும் பயம் விட்டுப்போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், உங்கள் செருப்பைப் பார்த்து வேண்டாம் என்றேன் சார், குதிகாலைப் பார்த்து வேண்டாம் என்றேன், கேவலமான காரணம், இருபத்தேழு வருஷமாக மனசில் கிடந்து அறுக்கிறது, மன்னிச்சிருங்க. அவர் சிரித்துவிட்டார். "செருப்பா? அது அன்னைக்குப் பஸ்ஸுல ஏறும்போது அறுந்தது மேடம். ஊக்கு எங்கம்மா சேலையில இருந்து எடுத்துக் குடுத்தாங்க." நானும் சிரித்தேன். எத்தனை லேசாக இருந்தது அந்த ஒரு நிமிஷம். அப்புறம் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார், "நீங்க வேண்டாம்னு சொன்னது எனக்குப் பிந்தித்தான் தெரியும். அதுக்கு முந்தியே நான் வேண்டாம்னு கார்டு போட்டுட்டேன். உங்கப்பா சொல்லலையா?"

சொல்லவில்லையே. அப்பா சொல்லவே இல்லையே. ஏன் சார் என்று கேட்டேனா, கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். "இப்ப எதுக்கு மேடம் அதெல்லாம்" என்றார். சொல்லுங்க சார் என்றேன். குரலை உயர்த்தாமல் பாடம் நடத்துகிற மாதிரியேதான் சொன்னார். "உங்களுக்குப் பூ வச்சாங்களே, அது எங்க அத்தை. அப்பா நான் படிக்கும்போதே தவறிட்டாங்க. தாலி அறுத்தவ தட்டெடுக்கக் கூடாதுன்னு அத்தைதான் முன்னால வந்தாங்க. அம்மா வாசல் நடைகிட்டக் கீழ உக்காந்திருந்தாங்க, பழப்பையை மடியில வச்சுக்கிட்டு. நீங்க காப்பி குடுத்துட்டுத் திரும்புறப்ப அவங்களைப் பார்த்து, இந்தாம்மா, இங்க நடையில உக்காராத, புறவாசலுக்குப் போ, வேலைக்காரி இருப்பா, காப்பி வாங்கிக்கோன்னு சொன்னீங்க. உங்கப்பாவும் கேட்டாரு, நானும் கேட்டேன். ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லலை." அன்றைய நாளை நான் ஆயிரம் தடவை ஓட்டிப் பார்த்திருக்கிறேன், செருப்பின் வார் என்ன நிறம் என்பது வரைக்கும் இருக்கிறது, எத்தனையாவது வெடிப்பில் மண் இருந்தது என்று கேட்டாலும் சொல்வேன், இந்த அம்மாள் அதில் எங்கேயும் இல்லை. இல்லவே இல்லை. சும்மா ஒரு வார்த்தை, போகிற போக்கில் வேலைக்காரர்களிடம் சொல்வது போலச் சொன்னது, சொன்ன அந்த நொடியே என்னிடமிருந்து போய்விட்டிருக்கிறது. "கார்டு கெடச்ச மறுநா உங்கப்பா என் காலேஜுக்கு வந்தாரு. வராந்தாவுல நின்னபடியே பேசினாரு. பொண்ணு தெரியாம சொல்லிட்டா தம்பி, நான் எந்திரிச்சு தடுத்திருக்கணும், சபையில அவமானமாயிருமேன்னு இருந்துட்டேன், அவளும் வேண்டாம்னுதான் சொல்றா, அவ சொன்னதாவே இருக்கட்டும், விஷயம் அவளுக்குத் தெரிய வேண்டாம்னாரு. சரின்னேன். அம்மாகிட்டயும் அப்படியே சொல்லிட்டேன், பொண்ணு வீட்டுல வேண்டாம்னுட்டாங்கன்னு."

ஊக்குச் செருப்பு மாப்பிள்ளை கதையை நான் வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் நடித்துக் காட்டியிருக்கிறேன், அப்பா எதிரிலேயே, எத்தனை வருஷம். அவர் எழுந்து உள்ளே போய்விடுவார். இப்படி ஒரு வரனைக் கொண்டுவந்தோமே என்ற வெட்கம் என்று நினைத்துக்கொள்வேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நிறுத்தடி, இதுதான் நடந்தது என்று சொல்லியிருக்கலாம், சொல்லாமலே போய்ச் சேர்ந்துவிட்டார், பதினோரு வருஷம் ஆகிறது. எழுந்து நின்றேன். "அம்மா இருக்காங்களா சார்?" இருக்கிறார்கள், எண்பத்தாறு வயசு, காது கொஞ்சம் மந்தம், நினைவெல்லாம் தெளிவு. கணவர் போனபிறகு கோவில்பட்டி கமிஷன் கடையில் வத்தல் காம்பு கிள்ளிக் கிள்ளிக் கை எரிச்சலோடு இவரைப் படிக்க வைத்தவர்கள் என்று அதையும் சொன்னார், எங்கள் வீட்டிலிருந்து அந்தக் கடைத்தெரு நாலு தெரு தள்ளி. "நான் வந்து அவங்களைப் பார்க்கணும் சார். ஒங்ககிட்ட இல்ல, அவங்ககிட்டத்தான் கேக்கணும், கால்ல விழுந்து கேக்கணும், இன்னைக்கே தேனி பஸ்ஸுல கூட வர்றேன்." அவர் தலையை அசைத்தார். "வேண்டாம் மேடம். அவங்களுக்கு அது மனசுல வேற மாதிரி இருக்கு. கூட்டத்துல உக்காந்து குடிக்க எனக்குக் கூச்சமா இருக்கும்னு தெரிஞ்சுக்கிட்டு அந்தப் புள்ள என்னையத் தனியா அனுப்பி வச்சதுன்னு சொல்வாங்க. புறவாசல்ல துவைகல்லுல உக்காந்து ரெண்டு டம்ளர் குடிச்சாங்களாம். கல்யாணப் பேச்சு எங்க வந்தாலும் சொல்வாங்க, அந்தக் கோவில்பட்டிப் புள்ள மாதிரி வராது, நமக்குத்தான் குடுத்து வைக்கலைன்னு. என் சம்சாரம் இருந்த வரைக்கும் அவகிட்டயும் சொல்வாங்க. நீங்க வந்து மன்னிப்புக் கேட்டா, எதுக்கும்மான்னு கேப்பாங்க. என்ன சொல்வீங்க?" கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார், போட்டேன். என்னை நல்ல பெண் என்று இருபத்தேழு வருஷமாக நம்பிக்கொண்டிருக்கிற ஒரே ஜீவன் அந்த அம்மாள், அவர்கள் கண்ணில் நான் படக்கூடாது. "சரி சார், வரலை" என்றேன்.